மச்சானிடம் ஒரு மாப்பு

இது சத்தியமாக நடந்தது. இதில் ஒரு சொல் கூடிவிட்டாலும் எழுதிய கை விளங்காமல் போகட்டும்.

மீராசாஹிபு கேற்றைத் திறக்கவில்லை. கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை.

“மாப்புக் கேக்கவா வந்த? கேளு. தெரு முழுக்கக் கேக்கிற மாதிரிக் கேளு!”

அபுல் ஹஸன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவருக்குப் பின்னால் முச்சக்கர வண்டிக்குள் மனைவி கைருன்னிஸா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியிலிருந்த கைப்பைக்குள் அவருடைய பாஸ்போட் இருந்தது.

“மன்னிச்சிட்டன் எண்டு காக்கா வாயால சொல்லோணும். அது என்ட காதில விழாம இது உங்கட கைக்கு வராது” என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். மீராசாஹிபு அவளுக்கு மூத்தவர், ஒரே வயிற்றுக் காக்கா. விமானமோ மறுநாள்.

மச்சான்மார் இருவருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஒரே பள்ளியில் ஒரே வரிசையில்தான் தொழுவார்கள். முடிவில் சலாம் கொடுக்கத் திரும்பும்போது, மற்றவர் இருக்கும் பக்கம் வந்தால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார்கள்.

மக்காவுக்கு உம்றாப் பயணம் போகிறவர் பகைத்தவரிடம் மாப்புக் கேட்காமல் ஊரைவிட்டுக் கிளம்புவதில்லை. சிக்கல் என்னவென்றால், அபுல் ஹஸன் உம்றாவுக்குப் போகவில்லை. ஜோர்ஜியாவுக்குப் போகிறார்.

‘ஏழு நாள் உல்லாசம். ஊருக்கு ஊர் சாப்பாடு, ஊருக்கு ஊர் வைன்’ என்று கொழும்புக் கம்பனி ஒன்று போட்ட விளம்பரத்தைப் போனில் பார்த்து, யாருக்கும் தெரியாமல் பதிந்திருந்தார். முட்டையும் வெண்ணெயும் மிதக்கும் சீஸ் ரொட்டி. கடித்து உள்ளே இருக்கும் சூப்பை உறிஞ்ச வேண்டிய இறைச்சிக் கொழுக்கட்டை. மண்ணுக்குள் புதைத்த தாழியில் ஊறும் வைன். அந்த வைனை மோந்தும் பார்ப்பதில்லை, மோந்து பார்ப்பவர்களைப் பார்ப்பதோடு சரி என்று நிய்யத்தும் வைத்துவிட்டார்.

பொய் என்று அவர் எதுவும் சொல்லவில்லை. கல்முனையில் அறுபது தாண்டிய ஒருவர் பெரிய சூட்கேஸ் வாங்கினால் அது உம்றாதான். “எங்களுக்கும் துஆச் செய்யுங்க” என்றான் கடைக்காரன். “இன்ஷா அல்லாஹ்” என்றார் இவர். அவ்வளவுதான் இவர் பேசியது.

அன்று மஃரிபு தொழுகைக்குள் வீட்டுக்குப் பதினேழு தட்டு வட்டிலப்பம் வந்து சேர்ந்தது. ஸம்ஸம் தண்ணீர் கொண்டுவர முப்பத்திரண்டு வெறும் போத்தல்களும் வந்தன. மகள் அம்ஹாவுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும் நேரம் வேறு. ‘வைன் பார்க்கப் போறவர்ர மகள்’ என்று ஒரு பெயர் கிளம்பினால் அந்தப் பேச்சு அன்றோடு சரி.

ஆகவே அபுல் ஹஸன் கேற்றைப் பிடித்துக்கொண்டு உரத்துச் சொன்னார்:

“மச்சான், ஒங்கட வரம்ப வெட்டி, தண்ணிய என்ட வயலுக்குத் திருப்பினது நான்தான். மன்னிச்சிருங்க.”

“ஒம்பது வருசத்துக்குப் பொறகு ஒத்துக்கொள்றாரு! நண்டு வெட்டின எண்டு சொன்னியேடா அண்டைக்கு?”

“நண்டும் கொஞ்சம் வெட்டின...”

“நீ இரிக்கிற ஊடு ஆரு கட்டின? தங்கச்சிக்கெண்டு நான் தலையில கல்லுச் சுமந்து கட்டின ஊடு! அதில படுத்து எழும்பி வந்துதானே என்ட தண்ணியக் களவெடுத்த?”

பக்கத்து மதில்களுக்கு மேலே நாலைந்து தலைகள் முளைத்தன. கைருன்னிஸா முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள்.

முற்றத்துக் கொடியில் தடித்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்று வெயிலில் கிடந்தது. கல்முனை வெயிலுக்கு ஸ்வெட்டர் தேவைப்படுகிறதென்றால் மச்சானுக்கு நெஞ்சுச்சளி முற்றியிருக்க வேண்டும் என்று அபுல் ஹஸன் நினைத்தார். மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

“வேற என்னென்ன செய்த? ஒண்டும் ஒளிக்காமச் சொல்லு.”

“நெல்லு வெட்டுற மெசினுக்கு நீங்க வெச்சிருந்த டீசல்ல ஒரு கேன்...”

“அதுவும் நீதானா! அதுக்கு நான் வேலைக்காரன அடிச்சி வெரட்டினேன்டா! அவன் இண்டைக்கும் என்னக் கண்டா றோட்ட மாறிப் போறான்!”

மண்வெட்டி தோள் உயரத்துக்கு எழும்பியது. மதில்மேல் இருந்த தலைகளில் இரண்டு கீழே இறங்கின. அபுல் ஹஸன் கலிமாவைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

கைருன்னிஸா வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தாள்.

“காக்கா! அல்லாஹ்ட ஊட்டுக்குப் போற மனிசன். உங்கட வாயால ஒரு சொல்லு! அதக் குடுத்து அனுப்புங்க!”

மீராசாஹிபு தங்கச்சியைப் பார்த்தார். பிறகு அவள் புருசனை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். மண்வெட்டி மெல்ல இறங்கியது. ஒன்பது வருடமாக அபுல் ஹஸனுக்குத் திறக்காத கேற், துருப்பிடித்த சத்தத்தோடு திறந்தது.

“மன்னிச்சிட்டன்!” என்றார், கடைசி மதில்வரை கேட்கும்படி.

கைருன்னிஸா அழுதுகொண்டே பாஸ்போட்டை எடுத்துப் புருசன் கையில் வைத்தாள்.

மீராசாஹிபு இரண்டு கைகளையும் விரித்து மச்சானைக் கட்டிப்பிடித்தார். விலா எலும்பு நொறுங்கும் பிடி. தாடி கழுத்தில் குத்த, வாயை அபுல் ஹஸனின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தங்கச்சிக்குக் கேட்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

“கம்பனிக்காரன்ட லிஸ்டுல என்ட பேருக்குக் கீழ உன்ட பேரையும் கண்டன்டா. ஜோர்ஜியாவில பஸ் ஏறக்குள்ள ஜன்னல் சீட் எனக்கு.”