பளபளத்த ஷில்லிங்

அரிகிருஷ்ணன் சாருடைய காசை யாராவது துடைத்தால் அவ்வளவுதான், மனுஷன் சாமியாடிவிடுவார். சேலையூரில் பழைய காசு சேர்க்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும். தெரியாத ஒரே ஆள், புதுசாக வந்திருக்கும் அவர் மருமகள் வெண்ணிலா.

அவள்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை விபூதி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

லேசுப்பட்ட காசா அது? அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்னால், வெள்ளைக்காரன் போய்க் குடியேறிய காலத்தில், பாஸ்டனில் அடித்த வெள்ளி ஷில்லிங். ஒரு பக்கம் பைன் மரம், மறு பக்கம் 1652 என்று வருஷம். கன்னங்கரேலென்று கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்புக்குத்தான் மரியாதையே. தேய்த்துப் பளபளப்பாக்கினால் விஷயம் தெரிந்தவன் ஒருத்தன் சீந்த மாட்டான்.

பாவம், வெண்ணிலாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? காதல் கல்யாணம். கடலோரத்தில் மீன் விற்கிற வீட்டுப் பெண் என்று மாமனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காசு சங்கத்துக்காரர்கள் இன்று வீட்டுக்கு வருகிறார்கள் என்றதும், எப்படியாவது அவரிடம் நல்ல பேர் வாங்கிவிடத் துடித்தாள். அவளுடைய அம்மா வீட்டில் விருந்தாளி வந்தால் வெள்ளிச் சாமானை விபூதியில் துலக்கி வைப்பது வழக்கம். மாமனார் குளிக்கப் போன நேரத்தில், மேஜையில் அவர் எடுத்து வைத்திருந்த காசையும் குங்குமச் சிமிழோடு சேர்த்துத் துலக்கிவிட்டாள்.

எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"மாமா, எப்டி மின்னுது பாருங்க."

சங்கத்துக்காரர் தனசிங் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டே? இதைப் போய் யாராவது துடைப்பாங்களா?"

வெண்ணிலாவின் முகம் செத்துப்போனது. அத்தனை பேரும் அரிகிருஷ்ணனைப் பார்த்தார்கள்.

அவர் காசை எடுத்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

"எதுக்குய்யா பொண்ணை மிரட்டுறீங்க? இது டூப்ளிகேட். அசல் பேங்க் லாக்கர்ல இருக்கு."

தனசிங் விடுவாரா? போன வருஷம் தாம்பரத்துக் கண்காட்சியில் வைத்தது எது என்று கேட்டார். அதுவும் இதுதான் என்றார் அரிகிருஷ்ணன். இத்தனை வருஷமும் போலியைக் காட்டித்தான் எங்களுக்குக் காது குத்தினீர்களா என்று ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். சங்கத்தில் இனி அவர் பேச்சை ஒருத்தரும் நம்பப் போவதில்லை என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார். அத்தனைக்கும் அரிகிருஷ்ணன் தலையைச் சொறிந்துகொண்டு இளித்தார்.

"வெண்ணிலா, நீ கலங்காதம்மா. வஞ்சிரம் வறுத்தியே, எடுத்துட்டு வா. நீயும் எங்களோட உக்காந்து சாப்பிடு."

மாமனார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வறுவல் காலியாவதற்குள் தனசிங்கின் கோபமும் காலி.

எல்லோரும் கிளம்பும்போது பர்வேஸை மட்டும் மாடிப்படிக்குத் தள்ளிக்கொண்டு போனார் அரிகிருஷ்ணன். தாம்பரம் மார்க்கெட்டில் வெள்ளிக் கடை வைத்திருப்பவர், சங்கத்திலேயே அவருக்கு ரொம்ப நெருக்கம்.

"பாய், உங்ககிட்ட மட்டும் சொல்றேன். லாக்கரும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுதான் அசல்."

கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"போனா போகுது பாய். அந்தப் பொண்ணு முகம் வாடினதைப் பார்க்க முடியல. வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"சொல்ல மாட்டேன் சார்." பர்வேஸ் அவரை இறுகக் கட்டிக்கொண்டார்.

அது நிஜமாகவே டூப்ளிகேட்தான் என்று, அரிகிருஷ்ணன் அதை வாங்கிவந்து ஆசை ஆசையாகக் கையில் கொடுத்த முதல் நாளே பர்வேஸ் கண்டுபிடித்துவிட்டார்; அன்றைக்கே அந்த மனுஷன் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வராதவர், இன்றைக்கா சொல்லப்போகிறார்?