இன்னும் பத்தடி

“இன்னும் பத்தடிதாம்மா. அதையும் தள்ளிட்டா காரு ரோட்டுக்கு வந்துரும்.” கனடாவிலிருந்து பேசிய ரஃபிக்கு மூச்சு வாங்கியது.

உத்தமபாளையத்தில் லத்திபா போனை இறுக்கிப் பிடித்தாள். “பனிக்கட்டி மேல சுடுதண்ணிய ஊத்தச் சொன்னேனே?”

“ஊத்துனேன். அதுவும் சேந்து உறைஞ்சுபோச்சு. நல்ல யோசனை சொன்ன போ!”

“நான் என்னைக்குப் பனியக் கண்டேன்? சரி, ஏர்போர்ட்டுக்குப் பதறிக்கிட்டுக் கார் ஓட்டாத. வழுக்கும். நிதானமா வாப்பா.”

“நிதானமாவா? அத்தா எப்ப வருவான்னு கேட்டுக்கிட்டே இருக்காகன்னு காலைல நீதானே அழுத!”

“இப்பக் கேக்கல. தூங்குறாக.”

“போனை அவுக காதுகிட்ட வை. ஒரு வார்த்தை பேசிக்கிறேன்.”

லத்திபா போனைக் கணவரின் தலையணையில் வைத்தாள்.

“அத்தா, ரஃபி பேசுறேன். பனியெல்லாம் தள்ளிட்டேன். ரெண்டே நாள்ல உங்க பக்கத்துல இருப்பேன். கொஞ்சம் பொறுத்துக்கங்க அத்தா.”

கபர்ஸ்தானில் அடக்கம் முடித்துத் திரும்பிய ஆண்கள் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பேச்சு மகனுக்குக் கேட்டுவிடாமல், காலிக் கட்டிலில் கிடந்த போனை முந்தானையால் பொத்தினாள் லத்திபா.