பூஜையில் வைத்த வில்

போட்டி நடக்கும் ஹாலின் குழாயடியில் பச்சையம்மா மூன்றாவது தடவையாக சோப்புப் போட்டுக் கை கழுவினாள். வாசனை போகவில்லை. அவள் செய்ததை யாரும் பார்க்கவில்லை, வீட்டில் அப்போது ஒருவருமே இல்லை. ஆனாலும் மறுபடி சோப்பை எடுத்தாள்.

பத்து நிமிஷம் முன்னால்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. அடையாறில் இருக்கும் அந்த ஹாலின் வாசலில் வயலின் வாத்தியார் ஷரஃபுதீன் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடைக்குப் பின்னாடி யாரும் வாசிச்சுப் பாக்கக் கூடாது. வில்லுல இருக்கற முடியைத் தொடாதீங்கப்பா. துளி எண்ணெய் பட்டாலும் போச்சு, வழுக்கும், சத்தமே வராது."

துளியா? நேற்று ஆயுத பூஜை. புருஷனின் ஆட்டோவைத் துடைத்தாள், அரிவாள்மணைக்குப் பொட்டு வைத்தாள். மகள் அனுவின் வயலினை மட்டும் விடுவானேன் என்று, தன் தலைக்குத் தடவுவது மாதிரியே வில்லின் முடிக்கும் தேங்காய் எண்ணெயை நீவிவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை எடுக்கக்கூடாது என்பதால் அனு தொடவில்லை. காலையில் பெட்டி அப்படியே போட்டிக்கு வந்துவிட்டது.

ஜெயித்தால் வியன்னாவில் மூன்று வருஷப் படிப்பு, அதுவும் ஒரே ஒரு பிள்ளைக்கு. அரசாங்கம் ஆற்றோரத்து வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், இரண்டு பஸ் மாறி வந்து ஆறு வருஷம் கற்றவள் அனு.

பச்சையம்மா மேடைக்குப் பின்னால் ஓடினாள். அனு பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில், அவளோடு படிக்கும் ஷ்ரவணின் பெட்டியும் திறந்து கிடந்தது. வகுப்பில் எல்லாருக்கும் கொடுத்த ஒரே மாதிரி வயலின், ஒரே மாதிரி வில்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி, அனு பின்னிடுவா" என்று சிரித்துவிட்டு ஷ்ரவண் தண்ணீர் குடிக்கப் போனான்.

"அனு, நான் ஒண்ணு..." என்று தொடங்கினாள் பச்சையம்மா.

பெட்டிக்குள் குனிந்திருந்த அனு ஒரு கணம் அசையாமல் இருந்தாள். "இன்னாம்மா, நீ வேற. போய் உக்காரு, போ."

அவள் போய் உட்கார்ந்தாள். பெற்றவளே பிள்ளை தலையில் மண்ணை வாரிப் போட்டதை எந்த வாயால் சொல்வது?

அனுவைக் கூப்பிட்டார்கள். பாகனினி என்ற வயலின் மேதையின் மெட்டு ஒன்று. அதையே பன்னிரண்டு விதமாக மாற்றி மாற்றி எழுதியிருப்பதை எல்லாரும் வாசிக்க வேண்டும். பச்சையம்மா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

சத்தம் வந்தது. கணீரென்று வந்தது.

அவள் நம்பவில்லை. ஒவ்வொரு விதத்தையும் விரல்விட்டு எண்ணினாள். இதோ வழுக்கப்போகிறது, இதோ வழுக்கப்போகிறது என்றே ஒவ்வொரு இழுப்பையும் கேட்டாள். ஒன்பதாவதில் வில் சட்டென்று நின்றது. தொலைந்தோம் என்று எழுந்தேவிட்டாள். பிறகுதான், அனு விரலால் கம்பியைச் சுண்டி வாசிப்பது தெரிந்தது.

"உக்காரும்மா, மறைக்குது" என்றார் பின்னாலிருந்தவர்.

பன்னிரண்டும் முடிந்து கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆயிற்று. வாத்தியார் சும்மா பயமுறுத்தியிருக்கிறார் என்று பச்சையம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அனு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

அடுத்தது ஷ்ரவண். வில்லைக் கம்பியில் வைத்து இழுத்தான். சத்தம் வரவில்லை. அழுத்தி இழுத்தான், வழுக்கிக்கொண்டு போனது. யாரோ சிரித்தார்கள். பையன் வில்லையும் வாத்தியாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஐயோ, அந்தப் புள்ளைக்கு இன்னா ஆச்சு?" என்று பச்சையம்மா எழப் போனாள்.

அனு அவள் கையை இறுக்கிப் பிடித்தாள். முகத்தைத் திருப்பவில்லை.

"கம்முனு குந்தும்மா. வில்லை நான்தான் மாத்தினேன்."