சேற்றில் வந்த சாமி

சுரேஷ்கண்ணனுக்குச் சாமி வந்துவிட்டது.

கோவிலுக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போதே வந்துவிட்டது. கை நடுங்கியது, கால் பின்னியது. வாயிலிருந்து எச்சில் ஒழுகி, மார்பில் பூசியிருந்த சேற்றில் கோடு போட்டு இறங்கியது.

மூக்கம்மாள் குலவை போட, மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். மேளக்காரர் வேகத்தைக் கூட்டினார்.

ஊருக்கே ஆச்சரியம். சாமியாடுகிறவர்களைப்போல் டீக்கடையில் நடித்துக்காட்டிச் சிரிக்க வைக்கிற ஆள் அவன். மகளுக்காக என்பதால்தான் சேத்தாண்டி வேடத்துக்கே சம்மதித்தான். காலையில் சேறு பூசி முடித்ததும், எருமை எனக்கு என்ன முறை வேண்டும் என்று கேட்டு மனைவி உமாதேவியைச் சிரிக்க வைத்தான்.

இரண்டு வயது சுபாஸ்ரீக்கு உடம்பெல்லாம் சிரங்கு. தேனிக்கும் மதுரைக்கும் அலைந்து, களிம்பும் தீர்ந்து பொறுமையும் தீர்ந்த பிறகு, உமாதேவி முத்தாலம்மனிடம் நேர்ந்துகொண்டாள். மேலுக்கு நோவு என்றால் அந்த அம்மனுக்குச் சேறுதான் வேண்டுதல். பிள்ளையின் அப்பன் உச்சி முதல் பாதம் வரை பூசிக்கொண்டு நடக்க வேண்டும். கோவில் வாசலில் மஞ்சள்தண்ணீர் ஊற்றும்வரை ஒரு துளி கழுவக் கூடாது.

விடியற்காலையில் பூசியது. ஊரைச் சுற்றிவரும்போது பாதி வழியில் தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்றான். விரதத்து வெறும் வயிறு, அப்படித்தான் இருக்கும் என்று உமாதேவி சமாதானம் சொன்னாள்.

இப்போது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷன் மேலேயே அம்மன் இறங்கிவிட்டாள் என்றால், பிள்ளைக்கு இரங்கமாட்டாளா?

கூட்டம் குறி கேட்கத் தொடங்கியது. போர் போட்டால் தண்ணீர் வருமா என்றார் ஒருவர். மகனுக்கு எந்தத் திசையில் பெண் அமையும் என்றாள் இன்னொருத்தி. சாமி குனிந்து வாந்தி எடுத்தது. அதற்கும் ஒரு பெரியவர் அர்த்தம் சொன்னார்.

உமாதேவி காலில் விழுந்தாள். எழுந்தபோது அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தாள்.

இரண்டு கண்ணிலும் கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. அது அவளைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை.

பிறகுதான் வாடை வந்தது. அது சேற்று வாடை இல்லை. இந்தப் பக்கம் திராட்சைப் பந்தலுக்குக் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் அந்த வாடை தெரியும். பூச்சிமருந்தடித்துவிட்டு வருகிற ஆளின் சட்டையை அவர்கள் தனியாகத்தான் துவைப்பார்கள்.

சேறு அள்ளிக் கொடுத்தவர் தங்கப்பாண்டியன். திராட்சைத் தோட்டக்காரர், கேட்காமலே உதவி செய்கிற மனிதர். பக்கத்தில்தான் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். சேறு எங்கே எடுத்தது என்று உமாதேவி அவரிடம் கேட்டாள்.

“வாய்க்கால்ல தண்ணி இல்லைல ஆத்தா. நம்ம தோட்டத்துல மருந்து டிரம் கழுவி ஊத்துற குழியிலதேன் எடுத்தேன். வெண்ணெயாட்டம் இருந்துச்சு.”

சொல்லி முடித்தபோது அவருக்கே புரிந்துவிட்டது. கூப்பிய கை அப்படியே நின்றது.

உமாதேவி ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்த மஞ்சள்தண்ணீர்க் குடத்தைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்த்தாள். கூட்டம் அதிர்ந்துபோனது. வாசல் வருமுன் கழுவினால் ஆத்தா கோபம் பொல்லாதது என்று மூக்கம்மாள் அவள் கையைப் பிடித்தாள். இன்னும் இருவர் பிடித்தார்கள்.

“சாமியில்ல, மருந்து. ஒடம்பு குடிச்சிருச்சு. கழுவுங்க.”

மேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பிடித்த கையைக் கடித்துவிட்டு அவள் அடுத்த குடத்தை எடுத்தாள். சேறு வழிந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. அடியில் சதை தனித்தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த மேளக்காரர்தான் முதலில் நிறுத்தினார். அப்புறம் ஆளாளுக்கு ஓடினார்கள். யாரோ ஒரு வீட்டு மோட்டாரைப் போட்டு ஹோஸை இழுத்துவந்தார்கள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது அவனுக்கு மூச்சு இருந்தது. கறகறவென்று இருந்தாலும் இருந்தது.

ஏறுமுன் உமாதேவி தங்கப்பாண்டியனைத் தேடினாள். நாலு வார்த்தை கேட்காமல் போனால் வயிற்றெரிச்சல் அடங்காது. ஆளைக் காணோம். அவள் முதல் குடத்தைக் கவிழ்த்தபோதே, நிறுத்தியிருந்த பைக்கைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டார் என்றார்கள்.

ஓடட்டும், எங்கே ஓடினாலும் அம்மன் கேட்பாள் என்று நினைத்துக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் பாண்டீஸ்வரி.

“மதினி, தங்கப்பாண்டியண்ணே வந்து பிள்ளையத் தூக்கிட்டுப்போயி தொட்டித் தண்ணியில முக்குறாக, சொன்னாக் கேக்க மாட்டேங்குறாக. காலையில பிள்ளைக்குன்னு அவுக குடுத்துவிட்ட சேத்தத்தேன் ஒடம்பெல்லாம் பூசிவிட்டேன். இத்தனை நாள்ல இன்னைக்குத்தேன் சொறியாமத் தூங்குச்சு.”

பிள்ளை அழுகிறதா என்று உமாதேவி கேட்டாள்.

பாண்டீஸ்வரி திரும்பிப் பார்க்கிறாள் போலிருக்கிறது. ஃபோனில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.