எடுக்காத போன்

"பெரிய சர்வரா போட்டுட்டா ஆபரேட்டர் போனே வேணாம் சார். முதல் ரிங்லயே அதுவே எடுத்துப் பேசிடும்" என்றான் போன் சிஸ்டம் விற்கும் ரெஹான்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுக்கடை. முதலாளி ரங்கநாத்தின் மேஜைமேல் நாலு மாதிரி போன்கள், இரண்டு கொட்டேஷன்கள்.

ஒன்றில் சின்ன சர்வர், இன்டர்நெட் லைனில் ஓடும் பத்து ஐ.பி. போன், ஆபரேட்டருக்கென்று வரிசையாகப் பட்டன் வைத்த பெரிய போன் ஒன்று. மற்றதில் பெரிய சர்வர் உண்டு, ஆபரேட்டர் போன் கிடையாது. ஆபரேட்டர் போன் இல்லையென்றால் ஆபரேட்டரும் கிடையாது. அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் ஆபரேட்டர் கலாவதி உட்கார்ந்திருந்தாள். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. பெண்ணை இப்போதுதான் நர்சிங் படிப்பில் சேர்த்திருக்கிறாள்.

"ஒரு வாரமா உன் சர்வர் டிரயல் ஓடுதே, வந்த போன் லிஸ்ட் எடுத்தியா?" என்றார் ரங்கநாத்.

ரெஹான் தயங்கித் தயங்கித்தான் நீட்டினான். கடைக்கு வந்த போன்களில் அறுபத்து நாலு எடுக்கப்படவே இல்லை.

ரங்கநாத்துக்குச் சுர்ரென்று ஏறியது. "கலாவதி, உள்ள வாங்க."

வந்தாள்.

"ஆள் உக்காந்துகினு இருக்கும்போதே அறுபத்து நாலு போன் அடிச்சு ஓஞ்சிருக்குது. தூங்கறீங்களா?"

"இல்ல சார். அதெல்லாம் எடுக்கற கால் இல்ல."

"ஓ, நீங்களே தரம் பிரிச்சுடறீங்களா? ஒரு கல்யாண பார்ட்டி கைவிட்டுப் போனா யார் பதில் சொல்றது?"

"எடுத்தா அவங்களுக்குத்தான் கஷ்டம் சார். நான் என்ன சொல்றேன்னா..."

"போதும்மா." ரங்கநாத் பேனாவைத் திறந்தார். "ரெஹான், பெரிய சர்வரே போட்டுடு. கலாவதி, நீங்க இந்த மாசத்தோட நின்னுக்குங்க."

கலாவதி கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். இவர் முன்னால் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ரெஹானுக்கு அது பெரிய ஆர்டர்தான். ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க அவனுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், ஒரே நம்பர் ஒம்பது தடவை வந்திருக்குது. யாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்களேன்."

"கேக்கலாமே. எப்படித் திட்டறாங்கன்னு இவங்களும் கேக்கட்டும்."

ரங்கநாத் தன் மேஜை போனில் ஸ்பீக்கரை அமுக்கி அந்த நம்பரைப் போட்டார். இரண்டே ரிங்.

"கலாவதிம்மாவா? அர்ஜுனன் பேசறேன், முசரவாக்கம். மிஸ்டு கால் உடறதுக்குள்ள நீயே கூப்ட்டுட்டியே."

அர்ஜுனன் அந்தக் கடைக்கு நெய்கிறவர். கலாவதி பதில் சொல்லப் போக, ரங்கநாத் வேண்டாமென்று கை காட்டினார்.

"ஜரிகை தீந்துபோச்சும்மா, தறி நின்னுக்கினு இருக்குது. நாங்க ரிங் உட்டு கட் பண்ணா, எடுக்காம உட்டுட்டு நீயே திருப்பிக் கூப்புடற பாரு, அதாலதான் நெசவுக்காரங்க காசு மிச்சமாவுது."

பேனா மூடியில்லாமல் அப்படியே நின்றது.

"ஆமா, இதென்ன கடை நம்பரு? கடை போன்லருந்து செல்லுக்குப் பேசக் கூடாதுன்னு மொதலாளி ஆர்டர் போட்டதுலருந்து உன் சொந்த செல்லுலதானே கூப்புடுவ. அதுல காசு தீந்துபோச்சாம்மா?"