பச்சைக்கிளி பேட்ஜ்

பெட்டியைத் திறந்து பேட்ஜை எடுத்தாள். திருப்பினாள். அதன் முதுகில் நகத்தை ஓட்டினாள்.

நகத்தில் எதுவும் தட்டவில்லை.

போலி.

வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் அதே மூச்சில் சொல்லியிருப்பாள். சொல்லி, மேசைமேல் விட்டெறிந்திருப்பாள். அப்படி எத்தனை பேருடையதை எறிந்திருக்கிறாள்!

கொண்டுவந்தவர் கணவர். மோட்டார் பட்டறை நாச்சிமுத்து. கையில் கிரீஸ்கூடப் போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பு.

பச்சைக்கிளி. கின்னரா ரேடியோ கம்பெனி அறுபத்திரண்டில் தன் ஏஜெண்டுகளுக்கு மட்டும் கொடுத்த எனாமல் பேட்ஜ். சிவப்புக்கிளியும் நீலக்கிளியும் அவளிடம் இருக்கின்றன. பச்சைக்காக ஒன்பது வருடமாக அலைகிறாள். அதைத்தான் இந்த மனிதர் ஆன்லைனில் வாங்கி வந்து நிற்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

ஆன்லைனில் பேட்ஜ் வாங்குகிறவர்களைப் பற்றி அவளுக்கு இருந்த அபிப்பிராயம் மரியாதையானது அல்ல.

முன்பக்கத்துப் படம் ஒன்றைப் பார்த்தே பணம் கட்டிவிடுவார்கள். பத்துப் பேட்ஜ் கொத்தாக, மலிவாக வருகிறதென்றால் வாயைப் பிளப்பார்கள். ஒரே படத்தை ஏழு பேர் போட்டு விற்றாலும் சந்தேகம் வராது. பார்சல் வந்த பிறகு அவளுக்கு அனுப்பி, 'மேடம், ஒரிஜினல்தானே?' என்று கேட்பார்கள்.

'முகத்தில் இருப்பது கண்ணா, புண்ணா?' என்று பதில் எழுதுவாள்.

அந்த ஜென்மங்களுக்காகவே அசலைக் கண்டுபிடிக்கப் பதினொரு அடையாளங்களை இணையத்தில் எழுதிவைத்தாள். பன்னிரண்டாவதை மட்டும் எழுதவில்லை. அந்தக் காலத்தில் பேட்ஜ் அடித்த அச்சில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. அதனால் அசல் கிளிகளின் முதுகில் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தில் தட்டும்.

அதையும் எழுதினால் போலி அடிக்கிறவன் அடுத்த மாதமே மேட்டையும் சேர்த்து அடித்துவிடுவான். அவனே அவள் எழுதியதைப் படித்துத்தான் தொழிலைத் திருத்திக்கொண்டான், களவாணி.

அவள் எழுதியதில் ஒரு வரிகூடப் படிக்காத ஆள் நாச்சிமுத்துதான். பட்டறை விட்டால் வீடு, வீடு விட்டால் பட்டறை. 'தகரத்துக்குப் போயி இத்தனை ஆர்ப்பாட்டம்' என்பதோடு சரி. இவருக்கு என்ன தெரியும் என்று பதினெட்டு வருடம் முன்பே கணக்கை முடித்துவிட்டாள்.

சொல்லிவிட வாயைத் திறந்தாள்.

"காந்தம் வெச்சுப் பாத்தேன், ஒட்டல," என்றார் அவர். "நகைக்கடைத் தராசுல நிறுத்தேன், நீ எழுதுன எடைதான். எனாமல்ல கொப்புளம் இல்ல. ஓரம் அறுக்கல. பின்னாடிப் படம் கேட்டேன், கொக்கிய மட்டும் தனியாப் படம் கேட்டேன். அந்தாளு கடுப்பாயிட்டான். நான் உட்டனா? பதினொண்ணும் பாத்துட்டுத்தான் வாங்குனேன்."

வரிசை மாறவில்லை. அவள் எழுதிய அதே வரிசை.

எப்போது படித்தார் இந்த மனிதர்?

அவள் செய்ததைப் பார்த்து அவரும் பேட்ஜை வாங்கித் திருப்பினார். தன் கறுத்த கட்டைவிரல் நகத்தை அதன் முதுகில் ஓட்டினார்.

"வழவழன்னு இருக்குது பாரு. ஒரு பிசிறு இல்ல."

"ஆமாங்க," என்றாள்.

அந்தக் கும்பலோடு கும்பலாக இவரையும் வைத்திருந்தோமே என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இன்னைக்குக் கூட்டத்துக்கு இதையே குத்திட்டு வா," என்றார். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "நானும் உள்ள வரட்டுமா?"

எப்போதும் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறவர்.

சேகரிப்பாளர் சங்கத்துக்குக் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை ஒதுக்கியிருந்தார்கள். பச்சைக்கிளி வந்திருக்கிறது என்றதும் நாற்பது பேரும் நாற்காலியைத் தள்ளிவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். நாச்சிமுத்து சலவைச் சட்டையில், மனைவிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சங்கத் தலைவர் மருதாசலம் கையை நீட்டினார். பன்னிரண்டாவது அடையாளம் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். அதற்கென்றே சுண்டுவிரலில் நகம் வளர்த்திருந்தார்.

"கழட்டிக் குடுங்கம்மா. முதுகப் பாத்தரலாம்."

முதுகைக் காட்ட மறுத்தால் போலி. அந்தக் கூடத்தில் அதற்குமேல் விசாரணையே கிடையாது. போன வருடம் அப்படி மறுத்த ஒரு மனிதரை அவளே எல்லோர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறாள். அந்த ஆள் அப்புறம் சங்கத்தின் பக்கமே வரவில்லை.

கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கூட்டமெல்லாம் கிளியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கழட்ட மாட்டேனுங்க," என்றாள். "அவரு வாங்கிக் குடுத்ததுங்க."

மருதாசலத்தின் கை நீட்டியபடியே நின்றது. இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது அப்படியே பரவியது.

அவள் தலையைக் குனியவில்லை.

பக்கத்தில் நாச்சிமுத்துவும் சிரித்தார், புது மாப்பிள்ளைக் கூச்சத்தோடு.