எட்டாம் கதவு

மஸ்கட்டில் இருந்த முதலாளி செல்போனைத் திறந்தார். வீட்டு வாசல் தெரியவில்லை.

வீட்டில் மூன்று கேமராக்கள். வெளியூருக்குப் படம் அனுப்ப ரவுட்டர் ஏழு, எட்டு, ஒன்பது என்று ஆளுக்கொரு கதவு, அதாவது போர்ட், கொடுத்தது. ஹால் கேமரா ஏழாம் கதவைப் பிடித்தது, கொல்லைக் கேமரா ஒன்பதை. வாசல் கேமராவுக்கு மிஞ்சியது எட்டு.

"எட்டா? அது சனியின் எண். எனக்கு வேண்டாம்" என்று அதுவும் ஏழில் போய் நுழைந்தது.

"யோவ், இடிக்காதே!" என்றது ஹால் கேமரா. நெரிசலில் இரண்டு படமும் போகவில்லை.

"ஒரு கதவில் ஒருத்தன்தான்! எத்தனை தடவை சொல்வது?" என்று ரவுட்டர் கத்தியது.

அந்த நேரம் பார்த்து ஒரு திருடன் சுவர் ஏறிக் குதித்தான். வாசலில் இருந்த காஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கினான்.

"ஐயோ, முதலாளிக்குக் காட்டணுமே!" என்று வாசல் கேமரா பதறியது. "ஆனால் எட்டு ஆகாதே!"

அதன் கண்ணாடி ஓரத்திலிருந்து ஒரு குரல் அதட்டியது. "பிறந்ததிலிருந்து எட்டை வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். ஒருநாளாவது தடுக்கி விழுந்தேனா? போய்யா!"

வாசல் கேமரா பல்லைக் கடித்துக்கொண்டு எட்டில் நுழைந்தது. படம் செல்போனுக்குப் போய்ச் சேர்ந்தது. உடனே அதன் ஸ்பீக்கரில் முதலாளி, "எவன்டா அது?" என்று மஸ்கட்டிலிருந்து அலறினார். திருடன் சிலிண்டரைப் போட்டுவிட்டு ஓடினான்.

தன்னால்தான் எல்லாம் சரியானது என்று ரவுட்டர் இன்னும் பீற்றிக்கொள்கிறது. சரிசெய்தது, கண்ணாடி ஓரம் வலை பின்னும் எட்டுக்கால் பூச்சி.